கட்டையில் எழுந்த டாங்கி! பனிமலையில் ரோடு போட்ட "தம்பிகள்" கதை

(நமது நிருபர்)

காரைக்கால்:-

"தம்பி! உங்க வீட்டுல டாங்கி கட்டுறீங்களாமே! எங்க தெருவுக்கும் ஒரு குழாய் விடுவாங்களா?"

குடமும் கையுமாக வாசலில் நின்று ஒரு அம்மாள் இப்படிக் கேட்டார்.

நான் நகராட்சிச் செய்தி எழுதுகிறவன். அதனால் டாங்கி என்றதும் குடிநீர் டாங்கிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் டாங்கி கட்டியது உண்மை. ஆனால் அது தண்ணீர் டாங்கி அல்ல. சண்டையில் சுடும் டாங்கி! குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டியது. நீளம் ஒரு சாண் கூட இல்லை.

கட்டியவன் என் அக்கா மகன். வயது 12. கூட உட்கார்ந்து முழங்கால் வலித்தவன் நான்.

அது ஏதோ ஒரு டாங்கியும் அல்ல. 1948-ம் ஆண்டு, பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் பனிக்குள் ஏறி, எதிரியைத் திகைக்க வைத்த "ஸ்டூவர்ட்" டாங்கி.

விவரம் வருமாறு:-

பாரீஸ் பை

காரைக்காலில் பாதித் தெருக்களில் ஒரு "சொல்தா" வீடு இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாரீசில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் செண்ட், சாக்லெட், பழைய துணி என்று பை பையாக வரும்.

அப்படி எங்கள் உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பையில் இந்தக் கட்டைகள் இருந்தன. அவர் பையன் வளர்ந்துவிட்டானாம். பாதி கட்டைகளில் பல் பதிந்த அடையாளம்!

மருமகன் பள்ளியில் பொருட்காட்சி வைப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும். கையில் ஐந்து ராத்திரி.

"மாமா, டைகர் டாங்கி கட்டலாம்" என்றான்.

"டைகர்" என்பது இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஓட்டிய ராட்சசன். எடை 57 டன். அகலம் 12 அடிக்கும் மேல். பையைக் கொட்டி எண்ணிப் பார்த்தோம். அந்த ராட்சசனுக்கு ஒரு பக்கச் சுவர் கட்டக்கூட பச்சைக் கட்டை கிடையாது.

"சின்ன டாங்கி எதுவும் கிடையாதா?" என்று கேட்டான். முகம் தொங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஸ்டூவர்ட் ஞாபகம் வந்தது.

பெயர் வந்த கதை

குடம் கொண்டுவந்த அம்மாள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. டாங்கிக்கு அந்தப் பெயர் வந்ததே தண்ணீர்த் தொட்டியால்தான்!

முதல் உலகப்போரில் இங்கிலாந்துக்காரர்கள் இந்த வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். "என்னய்யா செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய் வேண்டுமே! பாலைவனத்தில் பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் "டாங்க்" என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ந் தேதி பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் முதல்முறையாக அது உருண்டு வந்தது. பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

நம் ஊர் வாயில் அது "டாங்கி" ஆனது.

தச்சர் செய்த வியாபாரம்

கட்டை விஷயத்துக்கு வருவோம்.

"லெகோ" என்று கடைகளில் விற்கிறதே, அதைத் தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தச்சர். பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். 1932-ல் மரப்பொம்மையில் ஆரம்பித்தார். மேலே குமிழும் கீழே குழாயுமாக, ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு அந்தக் கம்பெனி உரிமை பதிந்தது 1958-ல். அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்தும். நம் வீட்டு மிக்சிக்கு ஐந்து வருடம் கழித்து மூடி கிடைப்பதில்லை. நினைத்துப் பாருங்கள்!

அந்தக் கம்பெனி இந்தக் காலத்துப் போர்க்கருவிகளை நிஜம்போலச் செய்து விற்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது. ஆகவே டாங்கி வேண்டும் என்கிறவர்கள் பொதுக் கட்டைகளைக் கொண்டு தாங்களே யோசித்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் போலந்து நாட்டில் "கோபி" என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்கள் பெட்டியிலேயே டாங்கி போட்டு விற்கிறார்கள். ஷெர்மன், டைகர் எல்லாம் உண்டு. படம் பார்த்துப் பொருத்தினால் போதும்.

எங்களிடம் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. ஒரு கோணிப்பை நிறையக் கட்டையும் ஒரு ஸ்கேலும்தான்.

கணக்கு

முதல் ராத்திரி முழுக்கக் கணக்கிலேயே போனது.

கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். இது ரொம்ப கறாரான அளவு.

ஸ்டூவர்ட் டாங்கியின் அகலம் சுமார் ஏழரை அடி. அதை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 65 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது கிட்டத்தட்ட எட்டுக் குமிழ்! நீளம் பதினைந்து, பதினாறு அடி. அது பதினேழு குமிழுக்குள் அடங்கியது. உயரம் ஏழு கட்டை, கொஞ்சம் முன்னே பின்னே.

"மாமா! அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு!" என்று பையன் குதித்தான்.

இவ்வளவு சிறிய வண்டியில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். முன்னால் 37 மில்லிமீட்டர் பீரங்கி. பின்னால் இரண்டு எஞ்சின்கள். அந்த எஞ்சின்கள் அமெரிக்காவில் பணக்காரர்கள் ஓட்டும் காடிலாக் காரின் எஞ்சின்கள்! போர் அவசரத்தில் கார் எஞ்சினையே இரண்டாகப் போட்டுவிட்டார்கள்.

மொத்த எடை சுமார் 15 டன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 75 கிலோ நெல் மூட்டை 200.

பொத்தான் சக்கரம்

இரண்டாவது ராத்திரி அடித்தட்டு. மூன்றாவது ராத்திரி வம்பு வந்தது.

ஸ்டூவர்டுக்கு ஒரு பக்கத்துக்கு நான்கு சிறு சக்கரங்கள். இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கும். பின்பக்கம் ஒரு பெரிய சக்கரம் தரையைத் தொட்டபடி வரும். முன்பக்கம் பல் வைத்த சக்கரம். அதுதான் சங்கிலியை இழுக்கும்.

எங்கள் பையில் சின்னச் சக்கரம் ஆறுதான் இருந்தது. இரண்டு குறைவு.

தையற்கடைக்குப் போய் கோட்டுப் பொத்தான் இரண்டு வாங்கினேன். "கோட்டு எங்கே?" என்று தையற்காரர் கேட்டார். "டாங்கிக்கு" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சங்கிலிக்கு சைக்கிள் டியூப். சைக்கிள் கடையில் கிழிந்த டியூபைக் கேட்டு வாங்கி, நீளமாக வெட்டி மாட்டினோம். பீரங்கிக் குழாய்க்குத் தீர்ந்துபோன பேனா ரீபிள்.

இந்தக் கலையில் கை தேர்ந்தவர்கள் இதைப் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள். கட்டையைத் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். சேர்க்கட்டும், சேர்க்காமல் இருக்கட்டும். நம் பையில் இருப்பதுதானே நமக்கு!

கஷ்டம் எங்கே என்றால் முன்பக்கச் சாய்வில்தான். டாங்கியின் நெற்றித் தகடு சாய்வாக இருக்கும், குண்டு வழுக்கிப் போவதற்காக. கட்டையோ சதுரம். நேராக அடுக்கினால் மாடிப்படி மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் சில அகப்பட்டன. அவற்றை உள்ளே வைத்து, தட்டைக் கட்டையை வெளியிலிருந்து சாய்த்து மாட்டினால் வழவழவென்று நெற்றி வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தது பையன். நான் அல்ல.

வண்ணம்? அதைக் கேட்காதீர்கள். பச்சை போதாமல் சாம்பல், சாம்பல் போதாமல் மஞ்சள், பின்பக்கம் கொஞ்சம் சிவப்பு. மாங்கனித் திருவிழாக் கடை மாதிரி இருந்தது.

மூடிய கதவு

"இந்த டாங்கி எங்க மாமா சண்டை போட்டுச்சு?" என்று நான்காவது ராத்திரி கேட்டான்.

சொன்னேன்.

காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்குக்குப் போக வேண்டுமானால் "சோஜிலா" என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் சுமார் 11,500 அடி. இந்தப் பக்கம் பால்தால். அந்தப் பக்கம் திராஸ், கார்கில், அதற்கும் அப்பால் லே.

சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் சண்டை மூண்டது. 1948 மே, ஜூன் மாதங்களில் கார்கிலும் திராசும் பாகிஸ்தான் தரப்பின் கையில் விழுந்தன. பிறகு சோஜிலாவையும் பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 14-ந் தேதி, ஆறு மாதம் முற்றுகையில் கிடந்த ஸ்கர்டு கோட்டையும் விழுந்தது.

லே தனித்து நின்றது. தரைவழி அடைப்பு. ஆகாய வழி ஒன்றுதான் மிச்சம். மே 24-ந் தேதி விமானப்படையின் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவையும் ஏற்றிக்கொண்டு டகோடா விமானத்தை அங்கே மணலில் இறக்கினார். அவ்வளவு உயரத்தில் அந்த விமானம் இறங்குவது பெரிய துணிச்சல். ஆனால் விமானத்தில் எத்தனை மூட்டை கொண்டுபோக முடியும்?

பனிக்காலம் வந்தால் கணவாய் பனியால் மூடிவிடும். அதற்குள் திறந்தால் உண்டு. இல்லாவிட்டால் லே போய்விடும், லடாக்கே போய்விடும் என்ற நிலைமை.

செப்டம்பரில் 77-வது பாராசூட் பிரிகேட் தாக்கியது. முடியவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. பாறைக் குடைவுகளில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். கீழே குறுகலான வழியில் வருகிறவன் தப்ப முடியாது. மறுபடியும் தாக்கினார்கள். மறுபடியும் முடியவில்லை.

திம்மையா யோசித்தார். குண்டு துளைக்காத ஒன்று முன்னால் போக வேண்டும். டாங்கி!

அவ்வளவு உயரத்துக்கு அதுவரை உலகத்தில் யாரும் டாங்கியைச் சண்டைக்குக் கொண்டுபோனதில்லை.

கழற்றிய தலை

டாங்கிகள் 7-வது குதிரைப்படையுடையவை. தலைவர் லெப்டினென்ட் கர்னல் ராஜிந்தர் சிங். பட்டாளத்தில் அவருக்கு "சிட்டுக்குருவி" என்று பட்டப்பெயர். இந்தக் குதிரைப்படையே 1784-ல் மெட்ராஸ் குதிரைப்படையாகப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் இதே ஸ்டூவர்ட் டாங்கிகளை வைத்து இம்பால், பர்மா பக்கம் ஜப்பானியரோடு மோதிய அனுபவம் அவர்களுக்கு உண்டு.

ஜம்முப் பக்கம் இருந்த டாங்கிகளை ஸ்ரீநகருக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் பானிஹால் மலை. இன்று இருப்பதுபோல அன்று சுரங்கப்பாதை கிடையாது. முதல் சுரங்கம், ஜவஹர் சுரங்கம், 1956-ல்தான் வந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்க வேண்டும். வழியில் பாலங்கள். 15 டன் எடையைத் தாங்காத பாலங்கள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? டாங்கியின் தலையைக் கழற்றினார்கள்!

மேலே சுற்றுகிறதே கோபுரம், பீரங்கி வைத்த பகுதி, அதைக் கழற்றித் தனியாக ஏற்றினார்கள். உடம்பு வேறு, தலை வேறு. பலவீனமான பாலங்களில் வின்ச் போட்டு இழுத்துக் கடத்தினார்கள். டாங்கி வருகிற சேதி எதிரிக்கு எட்டக்கூடாது. ரகசியமாகவே கொண்டுவந்து, மலையடிவாரத்தில் தலையை மறுபடி மாட்டினார்கள்.

"கட்டை மாதிரியே!" என்றான் பையன். எழுந்துபோய் எங்கள் டாங்கியின் கோபுரத்தைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, பத்து தடவை பார்த்தான்.

பிறகு ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"சரி மாமா. மலை மேல ரோடு இருந்துச்சா? ரோடு இல்லாம டாங்கி எப்படி ஏறும்?"

காரைக்காலில் பிறந்த பிள்ளை. மலை பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த மேடு அரசலாற்றுப் பாலம் ஒன்றுதான். ஆனால் கேட்டது சரியான கேள்வி.

டீக்கடையில்

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஓய்வு பெற்ற ஹவில்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். சோஜிலா சண்டைக்குப் பிறகு பிறந்தவர்தான். ஆனால் தன் படையின் கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"வாங்க தம்பி" என்றார். உடனே சிரித்தார். "எங்க படையில எல்லாருமே தம்பிதான், தெரியுமா?"

தெரியும். மெட்ராஸ் சாப்பர்சுக்கு இந்தியப் பட்டாளம் முழுவதும் "தம்பி" என்றுதான் பெயர். 1780-ல் தொடங்கிய படை. தலைமையிடம் பெங்களூர். தென்னாட்டுப் பிள்ளைகள் சேரும் படை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. பட்டாளம் நடக்கிறது என்றால் அதற்கு முன்னால் இவர்கள் நடந்திருப்பார்கள்.

பையன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டாங்கியைப் பத்தி எழுதுவீங்க. டாங்கி ஓட்டினவனைப் பத்தி எழுதுவீங்க. ரோடு போட்டவனைப் பத்தி யாரு எழுதுறீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நகராட்சி ரோட்டில் பள்ளம் இருந்தால் நாலு பத்தி எழுதுகிறேன். ஒழுங்காகப் போட்ட ரோட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

தங்கராஜு

பால்தாலிலிருந்து சோஜிலாவுக்கு அன்று இருந்தது கோவேறு கழுதை போகும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஏழரை அடி அகலமுள்ள, 15 டன் கனமுள்ள வண்டி அதில் எப்படிப் போகும்?

அந்தப் பாதையை அகலப்படுத்தும் வேலை மெட்ராஸ் சாப்பர்சின் இரண்டு கம்பெனிகளுக்கு விழுந்தது. அவர்களுக்குத் தலைவர் மேஜர் தங்கராஜு.

பனிக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும். அதனால் நாள் கணக்கு, மணிக் கணக்கு.

"மலையில ரோடு போடுறது எப்படின்னு சொல்றேன் கேளுங்க" என்று பெரியவர் மேஜையில் விரலால் கோடு கிழித்தார். "பாறையில துளை போடணும். வெடி மருந்து வைக்கணும். வெடிச்சதும் கல்லை எடுத்து பள்ளத்துப் பக்கம் அடுக்கணும். சும்மா கொட்டினா நிக்காது. ஒண்ணுக்கொண்ணு பூட்டு விழுற மாதிரி அடுக்கணும். தண்ணி வடியிற இடத்துல மதகு விடணும். விடலைன்னா ஒரே ராத்திரியில ரோடு உறைஞ்சு வெடிச்சுப் போயிடும்."

ஒன்றுக்கொன்று பூட்டு விழுகிற மாதிரி! எனக்கு வீட்டில் கிடந்த கட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

"இதெல்லாம் சமாதான காலத்துல. அங்க மேலேயிருந்து எதிரி சுட்டுக்கிட்டு இருக்கான். மூச்சு வாங்குற இடம் வேற" என்றார்.

அந்த உயரத்தில் காற்று நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மனிதனுக்கு மூச்சு முட்டும். எஞ்சினுக்கும் முட்டும்.

சமவெளியில் பிறந்தவர்கள், கொதிக்கும் வெயிலில் வளர்ந்தவர்கள், பனியில் நின்று பாறை உடைத்தார்கள். அக்டோபருக்குள் கழுதைப் பாதை வண்டிப் பாதையாகிவிட்டது.

நவம்பர் 1

அந்தத் தாக்குதலுக்கு முதலில் வைத்த பெயர் "வாத்து". மேலதிகாரியான ஜெனரல் கரியப்பா அதை மாற்றி "காட்டெருமை" என்று வைத்தார். வாத்து என்று சொல்லிக்கொண்டு மலையேற அவருக்கு மனம் இல்லை போலும்! கரியப்பா, திம்மையா இருவரும் குடகு நாட்டுக்காரர்கள். இருவருமே பிற்பாடு தரைப்படைத் தலைவர்கள் ஆனார்கள்.

அக்டோபரிலேயே கிளம்ப வேண்டியது. பனி கொட்டியதால் தள்ளிப்போனது.

1948 நவம்பர் 1-ந் தேதி, மதியத்துக்கு மேல், ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. முன்னால் போனவற்றில் ஒன்றில் திம்மையாவே ஏறிக்கொண்டார். டிவிஷன் தலைவர் அப்படிப் போவது வழக்கம் இல்லை. பின்னாலிருந்து பீரங்கிகள் முழங்கின.

பாறைக் குடைவுகளில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பனிக்குள் உறுமிக்கொண்டு டாங்கி வருகிறது! நம்ப முடியவில்லை. 37 மில்லிமீட்டர் பீரங்கி பெரிய பீரங்கி அல்ல. ஐரோப்பாவில் ஜெர்மன் டாங்கிகளிடம் அது எடுபடவில்லை. ஆனால் இங்கே எதிரில் டாங்கி கிடையாது, பதுங்கு குழிகள்தான். நேராக வாயிலேயே சுட்டது.

எதிரிகள் இடத்தை விட்டு ஓடினார்கள். இரண்டு மாதமாகத் திறக்காத கதவு ஒரே நாளில் திறந்தது.

நவம்பர் நடுவில் திராஸ் மீண்டது. நவம்பர் முடிவதற்குள் கார்கிலும் மீண்டது. லேயிலிருந்து வந்தவர்களோடு கை கோத்தார்கள். 1949 ஜனவரி 1-ந் தேதி சண்டை நிறுத்தம் வந்தபோது லே போகும் பாதை நம் கையில் இருந்தது.

ராஜிந்தர் சிங்குக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. 1965 சண்டையில் இன்னொரு முறையும் அதே விருதைப் பெற்றார்.

கணவாய் மட்டும் மாறவில்லை. பனிக்காலத்தில் இன்றும் அந்த வழி அடைபடும். 2025 ஜனவரியில் இந்தப் பக்கம் சோனாமார்க்குக்கு ஒரு சுரங்கப்பாதை திறந்தார்கள்.

வெள்ளை ரோடு

வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போனால், டாங்கி ஒரு மூலையில் கிடக்கிறது. பையன் வேறு ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறான்.

டீக்கடையில் கேட்டதை மத்தியானம் போன் செய்து சொல்லியிருந்தேன். அதன் விளைவு!

மிச்சமிருந்த வெள்ளைக் கட்டை, சாம்பல் கட்டை எல்லாவற்றையும் எடுத்து ஒரு மலைச் சரிவு கட்டுகிறான். அதில் எட்டுக் குமிழ் அகலத்துக்கு ஒரு ரோடு. "எட்டு போதாது மாமா, ஓரத்துல விழுந்துடும்" என்று பத்தாக்கினான். கட்டை போதவில்லை. டாங்கியின் பின்பக்கத்திலிருந்து சிவப்பும் சாம்பலுமாக ஏழு கட்டைகளைப் பிடுங்கி ரோட்டுக்குப் போட்டான்.

"டேய்! டாங்கிக்கு முதுகு இல்லாம போச்சேடா!"

"முன்னாடியிருந்து பார்த்தா தெரியாது மாமா."

ஒரு இடத்தில் இரண்டு கட்டைக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டிருந்தான். "இது மதகு" என்றான்.

விடிய ஒரு மணி ஆயிற்று. அக்கா எழுந்து வந்து இரண்டு பேரையும் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கு என் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். டாங்கி செருப்புப் பெட்டிக்குள் போகவில்லை. உயரம் இடித்தது. பையன் யோசிக்கவே இல்லை. கோபுரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மலையைத் துணிப்பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டான்.

வழியில் ஒரு ரோடு. போட்டு வருடம் ஆகவில்லை. ஒரு மழைதான் பெய்தது. யார் போட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குத் தனியாகச் செய்தி வரும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டிக்குள் கடகடவென்று சத்தம்.

பள்ளி வாசலில் திறந்து பார்த்தோம். பொத்தான் சக்கரம் ஒன்று கழன்றிருந்தது. நெற்றித் தகடு கழன்றிருந்தது. துணிப்பையிலிருந்த மலைக்கும் ரோட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மணி அடிப்பதற்குள் மாட்டிவிட்டான். கோபுரத்தையும் வைத்தான். மேஜையில் ரோட்டை வைத்து, அதன் நடுவில் டாங்கியை நிறுத்தினான்.

ஆசிரியை வந்தார். "இது என்ன டாங்கி?" என்று கேட்டார்.

பையன் பதில் சொல்லும்முன் அட்டையை எடுத்து முன்னால் வைத்தான். எனக்கும் காட்டாமல் எழுதியிருக்கிறான். அதில் டாங்கியின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. மேலே பெரிய எழுத்தில்:

"சோஜிலா ரோடு, 1948. போட்டவர்கள்: மேஜர் தங்கராஜுவும் தம்பிகளும்."